கார்டு கூடுகிறது, தலை குறைகிறது

மாதத்தின் முதல் வாரத்தில் ரேஷன் கடை வாசலில் வரிசை நீண்டால் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "ஜனத்தொகை பெருகிப்போச்சு, அரிசி எப்படிப் பத்தும்?" சொல்கிறவர் பெரும்பாலும் அறுபது தாண்டியவர். அவர் கார்டை மெஷினில் காட்டினால் அவர் பெயரும் அவர் சம்சாரம் பெயரும் மட்டும் வரும். ஆறேழு உடன்பிறந்தவர்களோடு வளர்ந்தவர், இரண்டு பிள்ளை பெற்று இரண்டையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டு, ஜனத்தொகை பெருகிப்போச்சு என்கிறார். அவரோடு வாதாட எனக்கு நேரம் இல்லை. பின்னால் நிற்பவர் "ஏம்மா, பருப்பு வந்துச்சா இல்லையா?" என்று கத்திக்கொண்டிருப்பார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் ரேஷன் கடை விற்பனையாளர் நான். கூட்டுறவுச் சங்கத்து வேலை. முழுநேரக் கடை ஒன்று, வாரத்தில் சில நாள் பக்கத்து ஊரில் பகுதிநேரக் கடை ஒன்று. எடையாளர் கிடையாது. பில் போடுவது, அரிசி அளப்பது, சாக்கு எண்ணுவது, திட்டு வாங்குவது எல்லாம் ஒரே ஆள். ஒரு ஊரின் குடும்பங்களை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிற வேலை வேறு எதுவும் இருக்கிறதா என்று தெரியவில்லை. யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள், யார் கட்டிக்கொண்டு போனார்கள், யார் அண்ணன் தம்பியோடு முறைத்துக்கொண்டு பிரிந்தார்கள் எல்லாம் கடைசியில் பெயர் சேர்ப்பு, பெயர் நீக்கம் என்று என்னிடம்தான் வந்து சேரும்.

வரிசை நீண்டிருப்பது உண்மைதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்ததைவிடக் கார்டுகள் கூடியிருக்கின்றன. ஆனால் கார்டுக்குள் இருக்கும் தலைகள் குறைந்துவிட்டன.

பழைய புத்தகக் கார்டு நினைவிருக்கிறதா? வருஷா வருஷம் உள்தாள் ஒட்டிக்கொண்டே போனோமே, அந்தக் கார்டு. அதில் தாத்தா, பாட்டி, இரண்டு மகன், இரண்டு மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர் இருக்கும். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது அதே குடும்பங்கள் இரண்டாக, மூன்றாக உடையத் தொடங்கியிருந்தன. காரணம் சண்டை மட்டும் கிடையாது. முன்னுரிமை இல்லாத, அதாவது மத்திய உணவுச் சட்டப் பட்டியலில் சேராத, அரிசி கார்டில் ஒருவர் இருந்தால் 12 கிலோ, இருவர் என்றால் 16, மூன்று பேரோ அதற்கு மேல் எத்தனை பேரோ இருந்தாலும் 20. ஆறு பேர் ஒரே கார்டில் இருந்தால் 20 கிலோ. அதே ஆறு பேர் இரண்டிரண்டாகப் பிரிந்தால் 48 கிலோ. இந்தக் கணக்குப் போடத் தெரியாத மருமகள் எங்கள் ஊரில் கிடையாது. பொங்கல் பணமும் கார்டுக்குத்தான், தலைக்கு இல்லை. 2021-ல் 2,500 ரூபாய் கொடுத்தபோது கூட்டுக் குடும்பங்கள் முழித்த முழி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்புறம் மகளிர் உரிமைத் தொகை வந்தது. அதன் விண்ணப்ப முகாமை 2023 ஜூலை 24 அன்று எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார்கள். அதுவும் ஒரு கார்டுக்கு ஒரு பெண். மாமியாருக்கு வந்தால் மருமகளுக்கு இல்லை.

தனிக் கார்டுக்கு மனுப் போட்டால் தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்கள். பின்பக்கத் திண்ணையில் மூன்று கல்லை வைத்து, மேலே ஒரு கரிப்பிடித்த சட்டியை ஏற்றி, "இது என் அடுப்பு" என்று காட்டின பெண்ணை எனக்குத் தெரியும். அந்தச் சட்டியில் அதற்கு முன்னும் பின்னும் எதுவும் வெந்ததில்லை. மாமியாரே சட்டியைத் தேடிக் கொடுத்தார் என்பது கூடுதல் தகவல். ஆக, கார்டு எண்ணிக்கையைப் பார்த்து ஜனத்தொகை பெருகிவிட்டது என்று நினைத்தால் அதில் பாதி இந்த மூன்று கல் அடுப்புதான்.

சரி, பிறப்பு? என் பாட்டி பெற்றது எட்டு, தங்கியது ஐந்து. என் அம்மாவுக்கு நாங்கள் மூன்று பேர். எனக்கு இரண்டும் பெண். மூன்றாவது வேண்டும் என்று மாமனார் வீட்டில் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். நான் இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். வீட்டுக்காரரைச் செய்துகொள்ளச் சொன்னதற்கு, "ஆம்பளைக்குச் செஞ்சா மூட்டை தூக்க முடியாது" என்றார். அவர் மூட்டை தூக்குகிற வேலையிலும் இல்லை. நான்தான் தூக்குகிறேன்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று சுவரில் சிவப்பு முக்கோணம் போட்டு எழுதினார்கள். கத்தி வைத்துக்கொண்டது அந்த இருவரில் ஒருவர்தான்.

ஒரு பெண்ணுக்கு சராசரியாக 2.1 குழந்தை பிறந்தால் ஜனத்தொகை கூடாமல் குறையாமல் நிற்கும் என்பார்கள். தமிழ்நாடு அந்தக் கோட்டை 2000 வாக்கிலேயே தொட்டுவிட்டது. பிறப்பு இறப்பை எண்ணும் மத்திய அரசின் 2023 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இப்போது 1.3. இந்தியாவுக்கு 1.9, பீகாருக்கு 2.8. அப்படியானால் ஏன் இன்னும் ஆள் கூடிக்கொண்டே இருக்கிறோம்? தர்மபுரி மாவட்டம் 2001-ல் 12.95 லட்சம், 2011-ல் 15.07 லட்சம். பதில் என் பழைய கார்டுகளிலேயே இருக்கிறது. எட்டும் ஆறும் பிறந்த தலைமுறையில், முந்திய காலம் போலப் பாதி சாகாமல், பெரும்பாலானவர்கள் வளர்ந்து ஆளானார்கள். அவர்கள் ஆளுக்கு இரண்டுதான் பெற்றார்கள். ஆனால் பெற்றவர்கள் நிறையப் பேர். கூடவே, முன்பு ஐம்பத்தைந்தில் போய்ச் சேர்ந்தவர்கள் இப்போது எழுபத்தைந்திலும் என் கடைக்கு நடந்து வந்து சர்க்கரை சரியாக நிறுக்கவில்லை என்று சண்டை போடுகிறார்கள். பிறப்பு குறைந்த உடனே தலை குறையாது. ஒரு தலைமுறை தள்ளித்தான் குறையும்.

ஊர்த் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று டீச்சர் புலம்புகிறார். அதில் பாதி பிறப்பு குறைந்தது, மீதி காலையில் வந்து நிற்கும் தனியார் பள்ளி மஞ்சள் வேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி எழுதப்போவது எங்கள் மாவட்டத்துக்காரர்கள் வெளியூர்க்காரர்கள் முன்னால் பேச விரும்பாத விஷயம்.

2001 கணக்கெடுப்பில், இன்றைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள், ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 826. இயற்கையாகப் பிறந்திருந்தால் 950-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். மீதிப் பெண்கள் எங்கே போனார்கள் என்பது எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்குத் தெரியும். கொஞ்சப் பேர் ஸ்கேனில் போனார்கள், கொஞ்சப் பேர் பிறந்த பிறகு. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994 சட்டம் தடுத்தது. அது போதவில்லை. 1992-ல் ஜெயலலிதா சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் எங்கள் மாவட்டத்துக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது. வேண்டாத பெண் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், கொல்லாதீர்கள் என்று ஒரு அரசாங்கம் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தோம். ஒன்றோ இரண்டோ பெண் குழந்தையோடு ஆபரேஷன் செய்துகொண்டால் பிள்ளை பேரில் பணம் போடும் திட்டமும் 1992-லேயே வந்தது. 2011-ல் அந்த 826 என்பது 913 ஆனது. நல்லதுதான். ஆனால் 826 கணக்கில் இருந்த பையன்கள் எங்கேயும் போகவில்லை. இப்போது இருபத்தைந்து முதல் முப்பத்தொன்று வயதில் இருக்கிறார்கள். பொண்ணு தேடுகிறார்கள்.

எப்படித் தேடுகிறார்கள் தெரியுமா? கடைக்கு வந்து என்னைக் கேட்கிறார்கள். மண்ணெண்ணெய் இருக்கா என்று கேட்ட காலம் போய், "உன் கார்டுல இருபத்திரண்டு இருபத்திமூணு வயசுல நம்ம பக்கம் பொண்ணு யாராச்சும் இருக்காளா, பாத்துச் சொல்லும்மா" என்று கேட்கிறார்கள். ஒரு அம்மா மகனின் போட்டோவைப் பில் மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். ஜேசிபி ஓட்டுகிற பையன். நல்ல சம்பளம், சொந்த நிலம், கெட்ட பழக்கம் கிடையாது, வயது முப்பத்து மூன்று. பெண் வீட்டார் கேட்பது பெங்களூரில் ஐடி வேலை, இல்லாவிட்டால் அரசு வேலை, தனிக்குடித்தனம். "விவசாயம் பண்ற பையனா?" என்று கேட்கும்போதே பாதி எழுந்துவிடுவார்கள். நான் கார்டு விவரத்தை யாருக்கும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது. உங்களுக்கு இரண்டு பையன்தானே, நடுவில் ஒன்று இருந்ததாக ஊரில் சொல்கிறார்களே என்று. கேட்கவில்லை.

பெண் குறைந்தால் பெண்ணுக்கு மதிப்புக் கூடும் என்று டீக்கடையில் பேசுவார்கள். நான் பார்த்தவரை, மலையடிவாரத்து ஊர்களில் பெண்ணை இன்னும் சீக்கிரமாகப் பிடித்துக் கட்டிவைக்கத்தான் பார்க்கிறார்கள். பெயர் நீக்க மனுவோடு வரும் ஆதார் நகலில் பிறந்த வருஷத்தைக் கழித்துப் பார்த்தால் பதினேழு என்று வரும். "ஆதார்ல தப்பா போட்டுட்டாங்கம்மா" என்பார்கள். விவரமானவர்கள் கல்யாணத்தை முடித்துவிட்டு, பெண்ணுக்குப் பதினெட்டு ஆகும்வரை கார்டில் கையே வைக்க மாட்டார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் போன் செய்தது என்று ஊரில் ஒருமுறை விசாரணை நடந்தது. என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கார்டில் பெயர் இருந்து ஆள் இல்லாதது இன்னொரு பெரிய கணக்கு. முன்னுரிமை கார்டில் இருக்கிற எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று வந்ததே, அப்போதுதான் ஊர் எவ்வளவு காலி என்று வெளிச்சமானது. மாதாமாதம் அரிசி வாங்க வீட்டில் ஒருவர் வந்து விரல் வைத்தால் போதும், எல்லோர் அரிசியும் வந்துவிடும். இந்தப் பதிவுக்கு ஆளுக்கு ஆள் விரல் வை என்றதும் கிழவிகள் கடை வாசலில் நின்றே போன் போட்டார்கள். "டேய், ரேஷன்ல பேரு எடுத்துருவாங்களாம், ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போ." எந்தக் கடையிலும் பதியலாம் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். இருந்தாலும் எல்லோரும் ஆடி மாசத்துக்கு வருவது போல வந்தார்கள். எல்லாம் பெங்களூர்ப் பக்கம்: பொம்மசந்திராவில் கம்பெனி வேலை, எலெக்ட்ரானிக் சிட்டியில் செக்யூரிட்டி, ஒயிட்ஃபீல்டில் கட்டட வேலை. சின்னப் பிள்ளைகள் கன்னடம் பேசிக்கொண்டு வந்தன. ஒரு பெண் குழந்தை அரிசிக் குவியலைப் பார்த்து "அக்கி" என்றது. அதன் பாட்டி ரொம்பப் பெருமையாக என்னைப் பார்த்தார்.

இதற்கு நேர் எதிர்க் கதை என் சித்தி மகளுடையது. அவளும் ரேஷன் கடைதான், கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர் பக்கம். இரண்டு மாவட்டமும் 2004 வரை ஒன்றுதான், இப்போது நிலவரம் வேறு வேறு. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் இங்கே வந்த பிறகு ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா கார்டு வைத்திருப்பவர்கள் அவள் கடையில் வந்து அரிசியும் கோதுமையும் வாங்குகிறார்கள். டாடா எலெக்ட்ரானிக்ஸ் செல்போன் பாகத் தொழிற்சாலைக்கு ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்களைப் பயிற்சி கொடுத்து எடுப்பதாக 2022-ல் செய்தி வந்தது. அந்த வயதுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டு முழுக்க. "அக்கா, புழுங்கல் அரிசியைக் காட்டினா மூஞ்சியைச் சுளிக்கிறாங்க, பச்சரிசியைக் கேட்டா ஸ்டாக் இல்ல" என்பது அவளுடைய மாதாந்தரப் புலம்பல். அவளுக்கு இப்போது ஹிந்தியில் கிலோவும் காசும் வரும். என் ஊர்ப் பையன் பொண்ணு இல்லாமல் பெங்களூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். வழியில் ஓசூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஹாஸ்டலில் தங்கி ஷிப்ட் பார்க்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே நெடுஞ்சாலையில் பஸ் ஏறுகிறது. அதில் ஒன்றிரண்டு கல்யாணம் நடந்ததாகவும் சித்தி மகள் சொன்னாள். நடக்கட்டும், நல்லது.

மீதி இருப்பவர்கள் வயதானவர்கள். 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்குப் பதினாலு பேர் போல. 2031-ல் பதினெட்டு ஆகும் என்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தப் பதினெட்டு எப்போதோ வந்துவிட்டது போலத்தான் தெரிகிறது. இது என் கவுண்டரில் எப்படித் தெரியும் என்றால், விரலில். நாற்பது வருஷம் புளி கொட்டை எடுத்து, களை பறித்து, கல் உடைத்த விரலில் ரேகை என்று ஒன்று இருக்காது. மெஷின் சிவப்பைக் காட்டும். "பாட்டி, விரலைத் தலைமுடியில தேச்சுட்டு வையுங்க" என்பேன். எண்ணெய் கொஞ்சம் ஒட்டினால் சில நேரம் பச்சை விழும். அதுவும் விழாவிட்டால் அடுத்த விரல். பத்து விரலும் தோற்றால் கண் கருவிழிக் கருவி. கண்புரை ஆபரேஷன் ஆகாத கண்ணை அதற்குள் நிமிர்த்திப் பிடிக்க வைப்பதற்குள் பின்னால் நிற்கும் வரிசை என் பரம்பரையையே இழுத்துவிடும்.

வீடு தேடி மருத்துவம் போகும் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். வீடு தேடி ரேஷன் போகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. தொடங்கும்போது எழுபது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்றார்கள். தராசும் மெஷினும் வண்டியில் ஏற்றிக்கொண்டு இரண்டாவது சனி, ஞாயிறு நாங்கள் போனோம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை போனது கோபம்தான், மறைக்கவில்லை. ஆனால் போன பிறகுதான் கடைக்கே வராத கார்டுகளின் ஆட்களை முதல்முறையாகப் பார்த்தேன். பஞ்சப்பள்ளி ரோட்டை ஒட்டிய ஒரு கொட்டாயில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். அவருக்கு இதுவரை 12 கிலோ வாங்கிக் கொடுத்தவர் பக்கத்துக் காட்டுக்காரர். அதில் நாலு கிலோவைத் தூக்குக் கூலியாக எடுத்துக்கொள்வாராம். "நியாயமான கூலிதாம்மா" என்றார் பெரியவர். அன்று முழு 12 கிலோவும் வாசலில் இறங்கியதும் அவர் முதலில் கேட்டது, "இனிமே அவன் இந்தப் பக்கம் வருவானா?" என்பது. அரிசியைவிட அந்த நாலு கிலோக்காரன் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவது அவருக்கு வேண்டியிருந்தது.

இந்த லட்சணத்தில் 2024 அக்டோபரில் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு நிறையப் பிள்ளை பெறுங்கள் என்றார். இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற சட்டத்தையே அங்கே எடுத்துவிட்டார்கள். இங்கே ஒரு கல்யாண மேடையில் மு.க.ஸ்டாலின், பதினாறும் பெற்று என்று செல்வத்தைச் சொன்னது போய், பிள்ளையே பதினாறு பெறலாமா என்று நினைக்கும் நிலை வந்துவிட்டது என்று பேசினார். ஸ்டாலினின் கவலை எம்.பி. தொகுதி. அது நியாயமான கவலை என்றுதான் நானும் நினைக்கிறேன். 1976-ல் 1971 ஜனத்தொகையை வைத்துத் தொகுதிக் கணக்கை நிறுத்தினார்கள், பிறகு 2026 வரை நீட்டினார்கள். சொன்னபடி கேட்டுக் குறைத்தவனுக்குத் தொகுதி குறையும் என்றால் யாருக்கும் வயிறு எரியும்.

ஆனால் அந்தச் செய்தி வந்த வாரம் வரிசையில் நின்ற பெண்கள் பேசியது வேறு. இரண்டு பிள்ளைக்கே தனியார் பள்ளிப் பீஸ் கட்டக் குழு லோன் எடுக்கிறோம், மூன்றாவதுக்கு யார் கட்டுவது என்றாள் ஒருத்தி. தையல் போட்டது போட்டதுதான், அவிழ்த்தா கட்டமுடியும் என்றாள் இன்னொருத்தி. வரிசையே சிரித்தது. எனக்குத் தோன்றியதும் அதுதான். பெறாதே என்றபோதும் எங்கள் வயிற்றைத்தான் பார்த்தார்கள், பெறு என்கிறபோதும் அங்கேதான் பார்க்கிறார்கள். அந்த ஜேசிபி பையனுக்குப் பெண் எங்கிருந்து வரும் என்பதற்கு மேடையில் யாரிடமும் பதில் இல்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்குத் தேதியாக வைத்திருக்கிறார்கள். கணக்கெடுக்கிற நாட்களில் ஒருவர் எங்கே தங்கியிருக்கிறாரோ அங்கேதான் அவரை எழுதுவார்கள். என் கார்டுகளில் இருக்கிற பெங்களூர்ப் பையன்கள் கர்நாடகக் கணக்கில் போவார்கள். சித்தி மகள் கடையில் பச்சரிசி கேட்கிற ராஞ்சிப் பெண்கள் தமிழ்நாட்டுக் கணக்கில் வருவார்கள். இதை நான் சொன்னதும் என் மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "என் ரெண்டாவது மகன் பேரு உன் கடைக் கார்டுல இருக்கா இல்லையா? அப்ப இந்த ஊருதானே?" என்கிறார். மகன் மல்லேஸ்வரத்தில் குடியேறி, பிள்ளையை அங்கேயே கன்னடப் பள்ளியில் சேர்த்து, ஆடிக்கு மட்டும் வருகிறவர். நான் ரேஷன் போடுகிறவள், கணக்கெடுக்க வேறு டீச்சர் வருவார், அவரிடம் கேளுங்கள் மாமா என்று சொல்லியிருக்கிறேன். டீச்சர் வரும்போது மகன், மருமகள், பேரன் மூன்று பேரையும் இந்த வீட்டிலேயே எழுதச் சொல்லி மல்லுக்கட்டத்தான் போகிறார்.